ஸ்டெல்லா பேசினாள், நான் மொழிபெயர்த்தேன்

ஹட்டனில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட நீங்கள் என்னை விடுவதில்லை. போன கிழமை ஒரு தம்பி, பாதி மழையில் நனைந்தபடி, வேலைக்கான சுயவிவரத்தைக் கைபேசியில் என் மூக்குக்கு நேரே நீட்டி, "சீவிய கொஞ்சம் பாத்துக் குடுங்க சேர், கனடாவுக்கு அனுப்பணும்" என்றார். கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்து தெரியாது. தெரிந்த மட்டில் நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தம்பி முகம் வாடி நிற்கிறார். அவருக்குச் சொல்ல வேண்டியதை இப்போது வெளிநாட்டு வேலை தேடும் இளம் பொறியியலாளர்களான உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களும் இருப்பீர்கள். ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். பொறியியல் படித்துவிட்டு அதே பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பொறியியலாளராக வேலை செய்தேன். நாற்பதை நெருங்கும்போது மனைவி ஸ்டெல்லாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு நியூசிலாந்துக்குப் போனேன். அங்கே பாலைப் பொடியாக்கும் ஒரு பால்மாத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஓய்வுபெற்று, இப்போது ஹட்டனுக்கே திரும்பிவிட்டோம். லயத்தில் சின்னப் பிள்ளையாக நான் குடித்த பால்மா எங்கிருந்து வந்ததோ, கடைசியில் அங்கேயே போய்ச் சேர்ந்தேன் என்று ஸ்டெல்லா கேலி செய்வாள்.

இயந்திரங்களைப் பற்றி எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் எழுதப்போவது ஒரு நேர்முகத் தேர்வைப் பற்றி. என் தொழில் வாழ்க்கையில் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்ட இடம் வேறில்லை. கொதிகலன் அழுத்தம் ஏறி ஊசி சிவப்புக்குப் போனபோதுகூட நான் அப்படி வியர்க்கவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது வேலை தேடுவதற்கான விசா. அது முடிவதற்குள் படித்த தொழிலில் ஒரு வேலை கிடைத்தால் தங்கலாம், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டும். திரும்பி வருவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு வருவது, உங்களுக்குத் தெரியும். நான் வேலையை விட்ட மறுவாரமே எங்கள் குவாட்டர்ஸில் புதிதாக வந்தவர் குடியேறிவிட்டார். அப்பாவின் லயத்து அறையில் தம்பி குடும்பம். ஸ்டெல்லாவும் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியை வேலையை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். அதாவது, வேலை கிடைக்காவிட்டால் போவதற்கு ஊர் இருந்தது, போய் இறங்குவதற்கு வீடு இல்லை.

அதுவரை வயிற்றுப்பாட்டுக்கு நான் செய்த வேலை, ஒரு கொட்டகையில் கரட் பொதி செய்வது. சிரிக்காதீர்கள். நுவரெலியா சந்தைக்கு லொறி லொறியாகக் கரட் போவதைப் பார்த்து வளர்ந்தவன், விமானம் ஏறிப் போய், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, கரட்டில் நீளம் எது, குட்டை எது என்று பிரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கொட்டகைக்காரர் நல்ல மனிதர். நேர்முகத் தேர்வு என்று சொன்னால் கேள்வி கேட்காமல் விடுப்புக் கொடுப்பார். திரும்பி வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கமாட்டார். அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றியுள்ளவன்.

நேர்முகத் தேர்வுகளில் நான் என்ன கூத்தடித்தேன் என்று கேளுங்கள். முதலாவதில், உட்காரச் சொல்லும்வரை கதவருகே நின்றேன். அவர்களுக்கு உட்காரச் சொல்லும் பழக்கம் இல்லை. நானும் உட்காரவில்லை. நின்றபடியே பாதித் தேர்வு முடிந்துவிட்டது. கடைசியில், "இத்தனை பேரில் உங்களை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?" என்று கேட்டார்கள். நான் மிகுந்த மரியாதையோடு, "நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர்கள் பார்த்துத்தான் செய்தார்கள், வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றில், "உங்கள் தொழிலில் நீங்கள் செய்த பெரிய காரியம் எது?" என்றார்கள். தன் வாயால் தன்னைச் சொல்வதா என்று கூசிப்போய், எங்கள் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீ மேக்கர் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர் என்று விலாவாரியாகச் சொன்னேன். அவர்களும் ஆர்வமாகக் கேட்டார்கள். அந்த மனிதர் அங்கே இருந்திருந்தால் அவருக்கு அன்றைக்கே வேலை கொடுத்திருப்பார்கள்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று நம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. தோட்டத்தில் யாரும் தனக்கு ஒன்று வேண்டும் என்று தனியாக ஆபீசுக்குப் போவதில்லை. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டுதான் போவோம். எங்கள் அறையின் கூரைத் தகரம் பறந்துபோனபோது அப்பா அப்படித்தான் போனார். தலைவர் தோட்ட முகாமையாளரான துரையிடம் பேசினார், அப்பா பின்னால் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நல்ல வேலைக்காரன், ஒரு நாளும் காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்குப் பிந்தி வந்ததில்ல" என்று தலைவர் சொன்னபோது அப்பா தரையைப் பார்த்தார். நம்மைப் பற்றி நல்லதை இன்னொருவர் சொல்ல வேண்டும், நாம் தரையைப் பார்க்க வேண்டும். அதுதான் மரியாதை என்று ஊறிப்போன உடம்பு இது. கழுத்துப்பட்டி கட்டியதால் அது மாறிவிடவில்லை.

ஸ்டெல்லாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "கேக்குறாங்கள்ல, சொன்னா என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்பாள். விசாவோ கரைந்துகொண்டிருந்தது. மகள் அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, தோழிகள் பிடித்து, வீட்டில் ஆங்கிலத்தில் சண்டை போடவும் தொடங்கியிருந்தாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் விசா முடிய இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொள்வேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பால்மாத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. பேசிய பெண்மணி நாளையும் இடத்தையும் சொல்லிவிட்டு, "விரும்பினால் உங்கள் குடும்பத்திலிருந்தோ தெரிந்தவர்களிலிருந்தோ யாரையாவது கூட்டி வரலாம். அவர்கள் உங்களுக்காகப் பேசலாம்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நேர்முகத் தேர்வுக்கா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்குத் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது பிடிக்காத காரியமாம். சொந்தக்காரர்கள் எழுந்து நின்று ஒருவரைப் பற்றிச் சொல்வதுதான் அவர்கள் முறையாம். தொழிற்சாலையில் மாவோரிகள் பலர் இருப்பதால், வருகிற எல்லோருக்கும் அந்த வசதியைக் கொடுக்கிறார்களாம்.

தொலைபேசியை வைத்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் மகள் பயந்துபோனாள். இத்தனை கடல் தாண்டி வந்தால், இங்கேயும் அதே தோட்டத்து ஆபீஸ் வாசல், அதே தலைவரைக் கூட்டிப் போகும் வழக்கம்! நான் ஒரு பிழையான பழக்கத்தோடு பிறக்கவில்லை, அது புரிகிற ஆட்களிடம் போய்ச் சேர்வதற்குத்தான் நாளாகிவிட்டது என்று தோன்றியது.

ஆனால் யாரைக் கூட்டிப்போவது? கரட்டைத் தவிர எனக்கு அங்கே யாரைத் தெரியும்?

"நான் வர்றேன்" என்றாள் ஸ்டெல்லா.

"ஒனக்கு இங்கிலீசு அவ்வளவா வராதே."

"நான் தமிழ்ல சொல்றேன். நீங்க இங்கிலீசுல சொல்லுங்க."

"நீ என்னையப் புகழுவ, அத நானே எந்திரிச்சு நின்னு இங்கிலீசுல சொல்லணுமா?"

"புகழுவேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள்.

போகிற அன்று காலையில் பருப்பு வடை சுட்டு ஒரு டப்பாவில் அடுக்கினாள். லஞ்சம் என்று நினைப்பார்கள், வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "ஒரு எடத்துக்கு வெறுங்கையோட எப்படிங்க போறது?" என்று டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். தொலைபேசியில் பேசிய பெண்மணி, உற்பத்தி முகாமையாளரான ஓர் இளம் பெண், பராமரிப்புப் பிரிவின் தலைவரான ஒரு மாவோரிப் பெரியவர். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை, அது அவருக்குப் பிடிக்காது. பெரிய உடம்பு, நரைத்த மீசை, பேசுவதற்கு முன் ஒருமுறை எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொள்ளும் வழக்கம். அவர் எழுந்து முதலில் தம் மொழியில் எங்களை வரவேற்றார். பிறகு தம்முடைய மலை எது, ஆறு எது என்று சொன்னார். அது அவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் முறை. அப்புறம் ஸ்டெல்லாவைப் பார்த்து, உங்கள் மலை எது என்று கேட்டார்.

நான் பொறியியல் கேள்விகளுக்குத் தயாராகி வந்தவன். திகைத்துப்போனேன். ஸ்டெல்லா திகைக்கவில்லை. அவள் மலையடிவாரத்திலுள்ள நல்லதண்ணி என்ற ஊரில் பிறந்தவள். "எங்க மலை சிவனொளிபாத மலைங்க. எல்லா சாமி கும்புடுறவங்களும் அதுல ஏறுவாங்க. ஆறு, மஸ்கெலியா ஆறு" என்று எங்கள் வீட்டு விலாசத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். பெரியவர் தலையசைத்தார்.

பிறகு வழக்கமான கேள்விகள் வந்தன. எனக்குத் தெரியாத விஷயம் எதுவுமில்லை. சூடான காற்றால் கொழுந்தின் ஈரத்தை எடுப்பது எங்கள் வேலை, பாலின் ஈரத்தை எடுப்பது அவர்கள் வேலை. ஆனாலும் கேட்டதற்கு மட்டும் அளந்து அளந்து பதில் சொன்னேன். இளம் முகாமையாளர் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டார். அது நல்ல அறிகுறி இல்லை என்பது இதற்குள் எனக்குப் பழகியிருந்தது. அப்போது பெரியவர் ஸ்டெல்லா பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

ஸ்டெல்லா எழுந்து நின்றாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பவள் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வணக்கம். நான் இவரு சம்சாரம். மெசினப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஒரே ஒரு நாளப் பத்தி மட்டும் சொல்றேன். எங்க குவாட்டஸு பெக்டரிக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. அன்னைக்குக் கொழுந்துன்னா அப்படியொரு கொழுந்து. மத்தியானம் டிரையரு நின்னு போச்சு, உள்ளுக்குள்ள சங்கிலி அறுந்திருச்சு. ஆளுங்க உள்ள எறங்கி வேல செஞ்சாங்க. யாரும் தெரியாத்தனமா சுவிச்சப் போட்டுறக் கூடாதுன்னு இவரு டிரையரோட பியூசெல்லாம் கழட்டிச் சட்டப்பையில போட்டுக்கிட்டாரு. அப்புறம் சங்கிலிக்கு ஒரு துண்டு செஞ்சுட்டு வரணும்னு நுவரெலியாவுக்கு லொறியில கெளம்புனாரு. போற வழியில வீட்டுக்கு வந்து, பியூச எங் கையில குடுத்து, 'நான் வந்து கேக்குற வரைக்கும் இத யாருக்கும் குடுக்காத, தொரையே வந்து கேட்டாலும் குடுக்காத'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

இவள் எந்த நாளைப் பற்றிப் பேசுகிறாள் என்று புரிந்துவிட்டது. நிறுத்து என்று கண்ணால் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"இவரு போன கொஞ்ச நேரத்துலயே ஆளுங்க பழைய துண்டு ஒண்ண வச்சுச் சங்கிலியக் கோத்துட்டாங்க. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க, பியூசக் குடு தாயின்னு டீ மேக்கர் ஓடி வந்தாரு. நான் குடுக்கல. எலெக்ட்ரீசியன்கிட்ட வேற பியூசப் போடச் சொன்னா, அவரு, சேர் வராம நான் கை வைக்க மாட்டேன்னுட்டாரு. அப்புறம் பெரிய தொரையே ஜீப்புல வந்து எறங்குனாரு. சிங்களத்துல சத்தம் போட்டாரு. நானும் சிங்களத்துலயே 'பே சேர்'ன்னுட்டேன், முடியாதுன்னு. எனக்குக் காலெல்லாம் நடுங்குச்சு. பொழுது சாஞ்சு இவரு வந்தாரு. உள்ள எறங்குன ஆளுங்க எத்தன பேருன்னு எண்ணி வச்சிருந்தது இவருதான். அத்தன பேரையும் வரிசையா நிக்க வச்சு எண்ணிப் பாத்துட்டுத்தான் பியூச மாட்டுனாரு. அதுக்குள்ள அன்னைக்கு எடுத்த கொழுந்து பூராவும் கெட்டுப் போச்சு. தொரை இவருக்கு வார்னிங் குடுத்தாரு. அடுத்த தடவ டிரையரு நின்னப்பவும் இவரு அதே மாதிரிதான் பியூசக் கழட்டிச் சட்டப்பையில போட்டுக்கிட்டாரு."

பேசி முடித்து என்னைப் பார்த்தாள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் மொழிபெயர்த்தேன். "திருத்த வேலை நடக்கும்போது நான் பியூஸ்களைக் கழற்றி வைத்துக்கொள்வேன் என்று சொல்கிறார். நான் பாதுகாப்பில் கவனமானவன் என்கிறார். கடுமையாக உழைப்பேன் என்கிறார்." அவ்வளவுதான்.

பெரியவர் மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்க நீளத்துக்குப் பேசியதை நான் ஜெபம் முடிக்கிற நீளத்துக்குச் சுருக்கிவிட்டேன் என்பது யாருக்கும் தெரியும். ஸ்டெல்லா விடுவாளா? ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பதை நான் மறந்துவிட்டேன்.

"என்னங்க, கொழுந்து கெட்டுப் போனதச் சொன்னேனே. 'ஸ்பொயில்'னு ஒரு வார்த்தைகூட வரலியே?"

அந்த ஒரு சொல் மேசைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. இளம் முகாமையாளர் பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். "எது கெட்டுப்போனது?" என்றார்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பால்மாத் தொழிற்சாலையில் பால் காத்திருக்காது. கொழுந்தைப் போலவே அதுவும் வந்துகொண்டே இருக்கும், அன்றைக்கே உலர்த்தியாக வேண்டும். ஒரு நாள் பாலைக் கொட்டினால் என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு நாள் கொழுந்தை முழுவதும் அழியவிட்டு, முதலாளியிடம் எச்சரிக்கை வாங்கியவன் நான் என்று என் வாயாலேயே சொன்னால் வேலை கிடைக்குமா? பெண்டாட்டியே எனக்குக் குழி பறிக்கிறாளே என்று ஒரு கணம் கோபம் வந்தது. மகளின் முகமும் வந்தது. வேறெதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாம், தமிழ் தெரிந்தவர் அங்கே யாருமில்லை.

ஆனால் பக்கத்தில் ஸ்டெல்லா நின்றாள். என்னைப் பற்றிச் சொல்ல அவளுக்கு எத்தனையோ இருந்திருக்கும். அத்தனையிலும் அவள் பொறுக்கி எடுத்து வந்தது இந்த நாளை. நான் அவமானம் என்று மூடிவைத்திருந்ததை அவள் இத்தனை வருடமாகப் பெருமையாக வைத்திருந்திருக்கிறாள். அதை நான் சில்லறையாக மாற்றிக் கொடுத்தால், வேலை கிடைத்தாலும் வீட்டில் எந்த முகத்தோடு சாப்பிட உட்காருவேன்?

"மன்னிக்க வேண்டும், நான் ஒழுங்காக மொழிபெயர்க்கவில்லை" என்றேன். பிறகு அவள் சொன்ன வரிசையிலேயே, ஒன்றையும் விடாமல் சொன்னேன். லொறி, டீ மேக்கர், ஜீப்பில் வந்த துரை, "பே சேர்", கெட்டுப்போன கொழுந்து, எச்சரிக்கை, அடுத்த தடவையும் சட்டைப்பையில் பியூஸ். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

இளம் முகாமையாளர் கேட்டார்: "பியூஸைக் கேட்டு வந்த நேரத்தில் உண்மையிலேயே உள்ளே யாராவது இருந்தார்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லாவே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். "நோ மேடம். நோபடி இன்சைட்."

முடிந்தது கதை என்று நினைத்தேன். யாருமே இல்லாத இயந்திரத்துக்காக ஒரு நாள் கொழுந்தை அழித்தவன்!

பெரியவர் நாற்காலியில் சாய்ந்தார். "யாராவது உள்ளே இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது சுலபம்" என்றார். "உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் இந்த அம்மா இதைச் சொல்ல வந்திருக்கிறார்." பிறகு என்னைப் பார்த்து, "இன்றைக்கு இது நடந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நான் தரையைப் பார்க்கவில்லை. "பியூஸை வீட்டில் கொடுத்துவிட்டுப் போகமாட்டேன்" என்றேன். "தொழிற்சாலைக்குள்ளேயே பொறுப்பான இன்னொருவரிடம் கொடுப்பேன். உள்ளே இறங்கியவர்கள் யார் யார் என்பதையும் சேர்த்துக் கொடுப்பேன். அன்றைக்கு அதைச் செய்திருந்தால் கொழுந்தும் தப்பியிருக்கும், என் மனைவியின் காலும் நடுங்கியிருக்காது. ஆனால் ஆட்களை எண்ணாமல் பியூஸைக் கொடுக்கச் சொன்னால், இன்றைக்கும் கொடுக்கமாட்டேன். யார் கேட்டாலும்." கடைசி இரண்டு சொல்லைச் சொன்ன பிறகுதான் எதிரில் இருப்பது வருங்கால முதலாளிகள் என்பது உறைத்தது.

ஸ்டெல்லாவுக்கு இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. "இவரு தன்னப் பத்தித் தானே சொல்ல மாட்டாரு. அது எங்க தோட்டத்துப் பழக்கங்க. அதுக்காக ஒண்ணும் தெரியாதவருன்னு நெனச்சிராதீங்க" என்றாள். அதையும் மொழிபெயர்த்தேன். கண் கலங்கியதை மறைக்க முயலவில்லை, மறைக்கவும் முடியவில்லை.

எழுந்திருக்கும்போது பெரியவர் அவள் கையிலிருந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அப்புறம் என்ன, எல்லோரும் நின்றபடியே வடை சாப்பிட்டோம். இளம் முகாமையாளர் காரத்தில் கண்ணீர் வடித்துக்கொண்டு இரண்டாவதையும் எடுத்தார்.

அந்தப் பெரியவருக்குக் கீழே நான் பிறகு பல வருடங்கள் வேலை செய்தேன் என்பதிலிருந்து முடிவை ஊகித்திருப்பீர்கள். அவர் எனக்குத் தொழில் ஒன்றும் சொல்லித் தரவில்லை. ஆனால் கூட்டங்களில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், "இவருடைய மனைவியை அழைக்கலாமா?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்பார். அந்தப் பயத்திலேயே பேசப் பழகினேன். அவர் ஓய்வுபெற்ற பிறகு அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாம் சரியாக நடந்த கதைகளை எல்லோரும் கொண்டுவருவார்கள். நான் காத்திருந்தது, சரியான முடிவை எடுத்து அதற்காகத் திட்டு வாங்கியவனுக்காக.

உங்கள் சீவிகளைப் பார்க்கிறேன். எல்லாமே வெற்றி, எல்லாமே சாதனை, பெரிய எழுத்தில். எங்களைப் போல நீங்கள் தரையைப் பார்ப்பதில்லை, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் போய், "என்னப் பத்தி ஒரு நாளச் சொல்லுன்னா எந்த நாளச் சொல்லுவ?" என்று கேட்டுப் பாருங்கள். மனைவியோ, கூடப் படித்தவனோ, பட்டறையில் பக்கத்தில் நின்றவனோ, யாராக இருந்தாலும் சரி. அவர்கள் சொல்லும் நாள் உங்கள் சீவியில் இருக்காது. அதைச் சுருக்காமல் எழுதுங்கள். பஸ் நிறுத்தத்தில் விட்டுவிட்டு வந்த அந்தத் தம்பிக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான்.

வேலை கிடைத்த செய்தி எப்படி வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் ஸ்டெல்லா கோபிப்பாள்.

நேர்முகத் தேர்வு முடிந்து நாட்கள் போயின. நான் கரட்டுக்குத் திரும்பியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் தொலைபேசி அடித்தது. எடுத்தால் அந்தப் பெரியவரின் குரல். வணக்கம் சொன்னேன். அவரும் வணக்கம் சொல்லிவிட்டு, "ஸ்டெல்லா இருக்கிறாரா?" என்றார்.

நான்தான் விண்ணப்பித்தவன் என்று அவருக்கு ஞாபகப்படுத்தினேன். "தெரியும்" என்றார். "எங்களிடம் வந்து பேசியது அவர். பதிலை அவரிடம்தான் சொல்ல வேண்டும்."

ஸ்டெல்லா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து தொலைபேசியை வாங்கினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. "யெஸ் சேர்" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள். மறுபடியும் "யெஸ் சேர்" என்றாள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ஸ்டெல்லா நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்துக் குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"தேங்க் யூ சேர். ஹீ வில் கம்."

வைத்துவிட்டாள். வருகிறீர்களா என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.